ஒரு சாட்சி போதுமா? – உலகத் திரைப்படங்களைப் பற்றிய ஓர் ஆய்வு

பிறநாட்டுத் திரைப்படங்களைப் பற்றித் தமிழரிடையே நெடுங்காலமாக இருவேறு கருத்துகள் நிலவி வருகின்றன. பிறநாட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்தே தமிழ்ப் படங்கள் தம் இயல்பை இழந்தன என்பது ஒன்று. அவற்றைப் பாராமையாலேயே தமிழ்ப் படங்கள் வளராது நின்றன என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பிறநாட்டுப் படம் என்பது படம் எடுப்போர் எடுத்துக்கொள்வதற்கோ தள்ளிவிடுவதற்கோ உரிய சரக்கு என்று இரண்டும் கருதுகின்றன. அரங்கில் உட்கார்ந்து படம் பார்க்கும் எளிய மனிதனுக்கு அதனால் விளையும் பயன் யாது என்னும் வினாவை இரண்டுமே எழுப்பவில்லை. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த் திரைப்படம் எக்காலத்திலும் தனித்து வளர்ந்ததன்று. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சதிலீலாவதி' 1936இல் வெளிவந்தது. அதை இயக்கியவர் எல்லிஸ் டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். 1940இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் கதையைத் தழுவியது. இவ்வாறு கதையையும் தொழில் நுட்பத்தையும் வெளியிலிருந்து பெறுவது தொடக்கம் முதலே நடந்து வந்தது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அக்காலத்துத் தமிழ்ப் பார்வையாளர் டூமாவின் நாட்டைக் கண்டாரா? இல்லை, அந்நாட்டுக் கதை தமிழுடை உடுத்தி வந்ததைத்தான் கண்டார். பிறர் வீட்டுப் பண்டம் நம் வீட்டுக்கு வருவது வேறு. பிறர் வீட்டுக்கு நாமே சென்று அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பது வேறு.

இரண்டாவது வாய்ப்பு இந்திய மக்களுக்குப் பரவலாகக் கிடைத்தது 1952இல். அவ்வாண்டு சனவரித் திங்களில் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா, பின்னர் சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் சென்றது. 'சைக்கிள் திருடர்கள்' முதலிய இத்தாலியப் படங்களைப் பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டனர். வேலை தேடி அலையும் ஓர் ஏழையையும் அவன் சிறு மகனையும் தவிர அப்படத்தில் காட்சிக்குரியது என்று சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு எளிய பொருளும் ஒரு படத்தைத் தாங்கும் என்பதை அறிந்தவுடன் இந்தியக் கலைஞர் சிலருடைய உள்ளம் விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டிலேயே பிமல் ராய் நிலமிழந்த உழவனின் கதையாகிய 'தோ பீகா ஜமீனை' எடுத்தார். அதே இத்தாலியப் படத்தை 1950இல் இலண்டனில் பார்த்த சத்யஜித் ராய், 1955இல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தந்தார்.

தமிழில் இவ்விழிப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் திரைப்பட விழா ஒன்றில் 'ராஷோமோன்' என்னும் ஜப்பானியப் படத்தைப் பார்த்தார். அதன் அமைப்பு அவரைப் பற்றிக்கொண்டது. அதன் பயனாக ஏவி. எம். நிறுவனத்தின் வெளியீடாக 1954இல் அவர் இயக்கி வெளிவந்ததே 'அந்த நாள்'. இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்குப் புலப்படுவன பல.

'ராஷோமோன்' 1950இல் அகிரா குரோசாவா இயக்கியது. அகுதகாவா ரியுனோசுகே எழுதிய இரு சிறுகதைகள் அதற்கு மூலம். 1951இல் வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்று, ஜப்பானியத் திரைப்படத்தை மேலை நாடுகள் திரும்பிப் பார்க்கச் செய்தது. பழங்காலக் கியோட்டோ நகரின் இடிந்த வாயில் ஒன்றில், கொட்டும் மழைக்கு ஒதுங்கிய மூவர் பேசிக்கொள்கின்றனர். காட்டில் ஒரு சாமுராய் வீரன் கொல்லப்பட்டிருக்கிறான். கொள்ளைக்காரன் ஒரு கதை சொல்கிறான். வீரனின் மனைவி இன்னொரு கதை சொல்கிறாள். இறந்தவனும் ஆவியாக வந்து ஒரு கதை சொல்கிறான். கண்ணால் கண்ட விறகுவெட்டி நான்காவதாக ஒரு கதை சொல்கிறான். நான்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த அளவிலேயே நின்றுவிடுகின்றனர். ஆனால் நுணுகி நோக்கத்தக்கது வேறொன்று உண்டு. கொள்ளைக்காரன், வாட்போரில் தானே கொன்றதாகப் பெருமிதத்தோடு கூறுகிறான். மனைவியின் கூற்று, கையில் குறுவாளோடு மயங்கி விழுந்த அவளையே கொலையாளி என எண்ண வைக்கிறது. இறந்தவனோ தன்னைத் தானே மாய்த்துக்கொண்டதாகச் சொல்கிறான். அதாவது மூவரும் பழியைப் பிறர்மேல் போடவில்லை, தம்மேலேயே ஏற்றுக்கொள்கின்றனர். கொலைக் குற்றத்தைவிட மானக்கேடு பெரிது என்று எண்ணுகின்ற ஒரு சமுதாயத்தின் உள்ளம் இங்கே வெளிப்படுகிறது. பொய் சொல்வதிலும் ஒரு நாட்டுக்கு ஒரு பண்பு உண்டு போலும்!

இனி 'அந்த நாளை' நோக்குவோம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசியதை ஒட்டி நிகழ்கிறது கதை. வானொலிப் பொறியாளனாகிய இராசன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். சிவாசி கணேசன் ஏற்ற அந்தக் கதைத்தலைவன் படம் தொடங்கியவுடனேயே பிணமாகிவிடுகிறான். அடுத்த வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஏமா, ஆசைநாயகி அம்புசம், மனைவி உஷா ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவர் வாயிலாகவும் இராசனின் வாழ்க்கை ஒவ்வொரு விதமாகத் திரையில் விரிகிறது. படத்தில் ஒரு பாட்டும் இல்லை, ஆடலும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. பாட்டுகளின் எண்ணிக்கையைச் சுவரொட்டியில் பெருமையாக அச்சிட்ட காலத்தில் இது சிறு துணிவன்று.

அமைப்பு ஜப்பானுடையது; ஆயின் மண் எவருடையது? தம்பி சொத்தில் பங்கு கேட்கிறான், அண்ணன் மறுக்கிறான். அந்த மனத்தாங்கலை அடுத்த வீட்டுக்காரர் காதில் வாங்கி வைத்துக்கொள்கிறார். இது சென்னைத் தெரு ஒன்றின் வீடு. பாகப்பிரிவினையும் ஓர்ப்படி மனக்கசப்பும் மறைமுக உறவும் நிறைந்த வீடு. அதனால்தான் இங்கே சாட்சிகளின் போக்கும் மாறிவிடுகிறது. 'ராஷோமோனில்' ஒவ்வொருவரும் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்ள, 'அந்த நாளில்' ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டுகின்றனர். அங்கே மானம் பேசுகிறது; இங்கே அச்சம் பேசுகிறது. பாலசந்தர் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரோ, கதை தானே அவரை அவ்வழியில் இழுத்துச் சென்றதோ, எப்படியாயினும் இது நகலன்று என்பதற்கு இம்மாற்றம் ஒன்றே போதிய சான்றாகும்.

ஆனால் ஓரிடத்தில் 'அந்த நாள்' பின்வாங்குகிறது. இராசன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் என்பதும், நாட்டுப்பற்று மிக்க மனைவி உஷாவாலேயே அவன் முடிவு நேர்ந்தது என்பதும் இறுதியில் தெளிவாகிவிடுகின்றன. குரோசாவா திறந்து வைத்துச் சென்ற கதவை இப்படம் இழுத்துச் சாத்திவிடுகிறது. துப்பறியும் கதைக்கு இம்முடிவு வேண்டுவதே. பண்டரிபாயின் நடிப்பும் அதற்குத் துணை நிற்கிறது. ஆயினும் 'ஜப்பானுக்குத் துணை நின்றவன் துரோகி. அவனைத் தடுத்தவள் உத்தமி' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் படம் எழுந்து போய்விடுகிறது. சென்னையில் இருந்து பார்ப்பவர்க்கு அத்தீர்ப்பில் ஐயம் எழாது. மலாயாத் தமிழர்க்கோ அது முற்றுப்பெற்ற தீர்ப்பன்று.

ஏன் என்பதை அந்த ஒரு மாதமே விளக்கும். 1943 அக்டோபர் 11ஆம் நாளை ஒட்டியது 'அந்த நாள்' கதை. அதே அக்டோபர் 17ஆம் நாள் சயாம்–பர்மா இரயில் பாதையின் இரு முனைகளும் காட்டின் நடுவே இணைக்கப்பட்டன. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க ஜப்பானியர் கொண்டு சென்றவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர். பசியாலும் வாந்திபேதியாலும் மடிந்து திரும்பாது போனவர்களும் பல்லாயிரவர். அதே அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூர்க் கேத்தே அரங்கில் நேதாசி சுபாசு சந்திர போசு சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். ஜப்பானின் துணையோடு எழுந்த அவர்தம் படையில், ஜான்சி இராணிப் படைப்பிரிவு உட்பட, தோட்டப்புறத்து ஆடவரும் பெண்டிரும் தாமே முன்வந்து சேர்ந்தனர்.

ஒரே மாதம்; ஒரே இனம்; ஒரே ஜப்பான். சென்னைத் தமிழனுக்கு ஜப்பான் குண்டு வீசும் பகைவன். இந்திய தேசியப் படையில் சேர்ந்த தோட்டத்துத் தமிழனுக்கு விடுதலைக்குத் துணைவன். இரயில் பாதையில் மண் சுமந்த தமிழனுக்கோ எமன். சில குடும்பங்களில் அண்ணன் படைக்கும் தம்பி பாதைக்குமாகப் பிரிந்து சென்றதும் உண்டு. இம்மூவரும் ஒரு வாயிலில் மழைக்கு ஒதுங்கி நின்று பேசியிருப்பின், அதுவே தமிழரின் 'ராஷோமோன்' ஆகியிருக்கும். 'அந்த நாள்' அம்மூவருள் ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் பதிவு செய்தது. அது படத்தின் குற்றமன்று. ஒவ்வொரு படமும் ஒரு சாட்சியே. ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துவிட்டு வழக்கு முடிந்ததென்று எண்ணிவிடுவது பார்வையாளரின் குற்றம்.

பல நாட்டுப் படங்களைக் காண்பதன் பயன் இங்கேதான் உள்ளது. இதே போரைப் பற்றிய ஏனைய சாட்சிகளையும் அழைத்துப் பார்க்கலாம். 1957இல் டேவிட் லீன் இயக்கிய 'குவாய் ஆற்றுப் பாலம்' ஆங்கிலேயர் தரப்பின் சாட்சி. ஆஸ்கார் பரிசுகள் ஏழு பெற்ற அப்படம் இலங்கையில் கித்துல்கல என்னும் மலைப்பகுதியில் எடுக்கப்பட்டது. கைதிகளாகிய ஆங்கிலப் படைவீரர்களின் கட்டுப்பாடும் அவர்கள் தலைவனின் பிடிவாதமும் அதில் மிகச் சிறப்பாகக் காட்டப்பட்டுள்ளன. ஆனால் அந்த இரயில் பாதையில் வேலை செய்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் மிகப் பலர். தோட்டத்துத் தமிழனுடைய துன்பத்துக்கு அப்படத்தில் இடமில்லை. சாட்சி பொய் சொல்லவில்லை. தன்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது.

மலாய்க்காரர் தரப்பின் சாட்சி 1958இல் வெளிவந்த 'சார்ஜன் அசான்'. மலாய்ப் படைப்பிரிவின் வீரத்தைக் கூறும் அப்படத்தின் கதைத்தலைவன் பி. ரம்லி, இயக்கியவர் பிலிப்பைன்ஸ் நாட்டு லம்பெர்த்தோ அவெல்லானா. ரம்லி 1929இல் பினாங்கில் பிறந்தவர். ஜப்பானியர் ஆட்சியில் அவர்களுடைய கடற்படைப் பள்ளியில் பயின்றவர். ஜப்பானியப் பாட்டும் கற்றவர். அவரை 1948இல் திரைக்குக் கொண்டுவந்தவர் பி. எஸ். இராசஅன்ஸ் என்னும் இந்தியர். 1950இல் 'பக்தி' படத்தின் வழியாக அவரைக் கதைத்தலைவன் ஆக்கியவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். மலாய்த் திரைப்படத்தின் ஒளிவிளக்கு பல நாட்டு எண்ணெயால் எரிந்தது என்பதை இந்நாட்டார் மறத்தலாகாது.

ஜப்பானியர் தரப்பின் சாட்சி யாது? பினாங்கு மக்கள் 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன்மேல் விழுந்த குண்டுகளை மறக்கவில்லை. 'அவர்கள் படத்தையும் பார்க்க வேண்டுமா?' என்று முதியோர் கேட்பின் அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு விடையாக அமைவது மசாகி கோபயாசி 1959 முதல் 1961 வரை மூன்று பகுதிகளாக எடுத்த 'மனிதனின் நிலைமை'. ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் அப்படத்தின் கதைத்தலைவன் காசி, மஞ்சூரியாவில் ஒரு சுரங்கத்தில் சீனத் தொழிலாளரை மேற்பார்க்க அனுப்பப்படுகிறான். முள்வேலிக்குள் அடைத்து வேலை வாங்கப்படுவோரை மனிதராக நடத்த முயன்று, அதன் பொருட்டே தன் படையினரின் கொடுமைக்கு அவன் ஆளாகிறான். கோபயாசி தாமே அப்போரில் மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். பதவி உயர்வை ஏற்க மறுத்துக் கடைநிலை வீரராகவே இருந்தவர். தம் நாடு செய்த குற்றத்தை எவர்மேலும் சாட்டாது தம் நாட்டின்மேலேயே அவர் ஏற்றிச் சொல்கிறார். 'ராஷோமோனில்' கண்ட அந்தப் பண்பு, பொய்யாக இல்லாமல் மெய்யாகவே இங்கு வெளிப்படுகிறது.

அந்த முள்வேலிக் காட்சிகளைக் காணும் மலாயாத் தமிழர் எவரும் சயாம் காட்டை நினையாதிருக்க முடியாது. பகைவனாக மட்டுமே அறிந்த ஓர் இனத்தின் வாயிலிருந்து, தம் பாட்டன்மார் பட்ட துன்பத்தை ஒத்த துன்பத்துக்கு ஒரு வருத்தக்குரல் எழுவதை அவர் கேட்கிறார். வேறு எந்தப் படமும், அது சென்னையில் எடுத்ததாயினும் ஹாலிவுட்டில் எடுத்ததாயினும், அவருக்கு இதைத் தரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சாட்சிகள் பலர் என்பதால் உண்மை என்று ஒன்று இல்லை எனக் கொள்வது பெரும்பிழை. 'ராஷோமோனை' அவ்வாறு பொருள் கொள்வோரும் உளர். ஆனால் படத்தின் முடிவை அவர்கள் கவனிப்பதில்லை. தொடர்பற்றவன் என்று எண்ணப்பட்ட விறகுவெட்டியும் குறுவாளைத் திருடியதை மறைத்தவன் என்று தெரிகிறது. அவனே, வாயிலில் கைவிடப்பட்ட குழந்தையைத் தன் ஆறு பிள்ளைகளோடு ஏழாவதாக வளர்க்க எடுத்துச் செல்கிறான். மழையும் நிற்கிறது. மனிதர் சொல் பலவாக மாறுபடலாம். குழந்தையின் பசி மாறுபடாது. அதுபோலவே, போரைப் பற்றிய கதைகள் எத்தனையாக இருப்பினும் இரயில் பாதையோரம் புதைந்தவர்கள் புதைந்தவர்களே. பல சாட்சிகளைக் கேட்பது அந்த உண்மையைக் கரைப்பதற்கன்று. அதன் முழு உருவத்தைக் காண்பதற்கே.

அப்படியாயின் தோட்டத்துத் தமிழனின் சொந்தச் சாட்சி எங்கே? எழுத்தில் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' முதலிய நாவல்கள் அக்கடமையைச் செய்துள்ளன. திரையில் அக்குரல் அந்த அளவுக்கு எழவில்லை. எனினும் வேறொரு காலத்துக் கதையைக் கொண்டு அதற்கு வழி திறந்த படம் ஒன்று உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்', தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய தமிழரை, 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அப்போய் என்னும் சிறுவனும், அவன் படித்து முன்னேற வேண்டுமென்று கண்டிப்புக் காட்டும் தந்தையும், தவறான வழியில் சென்ற சிற்றப்பன்மாரும் அதில் வருகின்றனர். சென்னைப் படங்களின் அடுக்குமொழி அதில் இல்லை. மலேசியத் தமிழர் வீட்டில் பேசும் தமிழே இருக்கிறது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான பரிசை அது பெற்றது. மலாய் மொழியில் அமையாத ஒரு படம் நாட்டின் சிறந்த படமாகுமா என்று அப்போது எழுந்த வழக்காடலும் ஒரு பாடமே. யார் சாட்சி சொல்லலாம் என்பதும் போராடிப் பெறவேண்டிய உரிமையாகவே இருந்து வருகிறது.

அப்படத்தைப் பார்த்துவிட்டு, 'இதில் என்ன இருக்கிறது? தினமும் பார்க்கும் வாழ்க்கைதானே!' என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. 'சைக்கிள் திருடர்களையும்' 'பதேர் பாஞ்சாலியையும்' கண்டு பழகிய கண் அவ்வாறு கேளாது. தினமும் பார்க்கும் வாழ்க்கையை முதன்முறையாகப் பார்ப்பதுதான் அக்கலை என்பதை அது அறிந்திருக்கும். ஆகவே பிறநாட்டுப் படம் ஒருவனைத் தன் மண்ணிலிருந்து பிரிக்கிறது என்னும் குற்றச்சாட்டு நிலைபெறாது. தன் மண்ணை அடையாளம் காண அது கண் கொடுக்கிறது.

முற்காலத்தில் இதற்கெல்லாம் வாய்ப்புக் குறைவு. 1946இல் அமைந்த மலாயாத் திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப் படங்களை, ஊர்திகளில் திரையும் கருவியும் கொண்டுவந்து தோட்டத் திடல்களில் காட்டினர். பத்து காவான் போன்ற தோட்டப்புறத்தார் நல்ல படம் ஒன்று காணவேண்டுமாயின் நீர் கடந்து ஜார்ஜ் டவுன் அரங்குகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் பத்து காவானிலேயே கரையேறுகிறது. படமோ பாலத்தைக்கூடக் கடக்க வேண்டாதபடி கைப்பேசியிலேயே வந்து நிற்கிறது. வசதி பெருகியது, வகை பெருகவில்லை. எண்ணற்ற படங்கள் கைக்கெட்டும் தொலைவில் கிடந்தும், முன்பு பார்த்ததை ஒத்ததையே மீண்டும் மீண்டும் பார்க்கும் பழக்கம் வலுப்பெற்றுவிட்டது. அன்று ஒரு சாட்சிதான் ஊருக்கு வந்தது. இன்று எல்லாச் சாட்சிகளும் வாசலில் நிற்க, ஒருவரை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்கின்றனர்.

இதை மாற்றப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம், ஒரு வெள்ளைத் திரை, மாதம் ஒரு மாலை இவை போதும். முதல் மாதம் 'அந்த நாள்'; அடுத்த மாதம் 'ராஷோமோன்'; பின்னர் 'குவாய் ஆற்றுப் பாலம்'; அதன்பின் 'சார்ஜன் அசான்'; 'மனிதனின் நிலைமை'யின் முதற்பகுதி; இறுதியில் 'ஜகாட்'. ஆறு மாதத்தில் ஆறு சாட்சிகள். ஒவ்வொரு படமும் முடிந்தபின் பெற்றோரும் பெரிய வகுப்பு மாணவரும் அரைமணி நேரம் பேசட்டும். சயாமுக்குச் சென்ற பாட்டனைப் பற்றியும், படையில் சேர்ந்த பாட்டியைப் பற்றியும் வீட்டில் கேட்ட கதைகள் அங்கே தாமாக எழும். அக்கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளைகளுள் ஒருவர் ஒருநாள் படக்கருவியைக் கையில் எடுக்கக்கூடும். இரயில் பாதையோரம் புதைந்தவர்களின் வாக்குமூலம் அன்று திரையில் பதிவாகும்.